திங்கட்கிழமைகளில் காணாமல் போகும் பெட்டி

திங்கட்கிழமை காலையில் போன் அடித்தால் கலகலா இரண்டாவது மணி வரை காத்திருக்க மாட்டாள். யார் கூப்பிடுகிறார்கள், எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

“மேடம், பெட்டி வரலீங்க,” என்பார் வேஷக்கடையில் பொய்முடி செய்யும் டோப்பா மாஸ்டர்.

“எந்தப் பெட்டிங்க?” என்பாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

“பேரும் பாஸ்வேர்டும் கேக்குமே, அந்தப் பெட்டி. பெரிய ஸ்கிரீன் மட்டும் வந்து மொறச்சுக்கிட்டு நிக்குது. எங்க தட்டினாலும் ‘டிங்’குங்குது. வேற பேச்சே இல்ல.”

“எதையும் தொடாதீங்க. இதோ வந்துட்டே இருக்கேன்.”

அப்புறம் மாடிப்படி தடதடக்கும். ஒருமுறை ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் அக்காவின் செருப்புமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். அதைக் கவனித்த டோப்பா மாஸ்டர், “இது புது மாடலா மேடம்?” என்று கேட்க, அன்றைக்கு வேலை தொடங்கவே வெகுநேரம் ஆயிற்று. சிரித்து முடிய வேண்டுமே.

கலகலா என்பது அவளுடைய பெயரே இல்லை. அப்பா வைத்த பட்டம். சிறு வயதில் அவள் சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் சிரித்துப் புரையேறி, தலையில் தட்டத் தட்ட இன்னும் சிரிப்பாள். பட்டமே பெயராகி, சொந்தப் பெயர் சான்றிதழ்களோடு அலமாரிக்குள் தங்கிவிட்டது. ஒரு கல்யாணமும் நடந்தது. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, கண்ணாடி முன்னால் போய் நின்று முகத்தைச் சோதித்துப் பார்க்கிறவர். அவர் கண்ணாடி முன்னால் நிற்பதைப் பார்த்தால் இவளுக்கு இன்னும் சிரிப்பு வரும். எத்தனை நாளைக்குத் தாங்கும்? சண்டை சச்சரவு இல்லாமல், கைகொடுத்துப் பிரிந்தார்கள். அதிலிருந்து அக்கா வீட்டு மாடியறைதான் அவளுக்கு வீடும் அலுவலகமும்.

தொழிலைக் கற்றுக்கொடுத்தது சோம்பேறித்தனம். ஒரு லாரி ஆபீஸில் அதே விலாசங்களைத் தினமும் தட்டித் தட்டிக் கை கடுத்துப்போய், ஒரு தடவை தட்டினால் அடுத்த தடவை தானாக வந்து நிற்கிற மாதிரி ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினாள். அதைப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்தார். அவர் சொல்லி இன்னொருவர் வந்தார். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி, பல் ஆஸ்பத்திரி, நாய் பூனை வைத்தியசாலை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, லாரி ஆபீஸை விட்டே விலகிவிட்டாள். அவளுடைய வாடிக்கைக்காரர்களுக்கு இணையம், க்ளவுட் என்றெல்லாம் சொன்னால் அலர்ஜி. கம்ப்யூட்டர் தங்கள் மேஜைமேல் இருக்க வேண்டும், தகவல் எல்லாம் அதன் வயிற்றுக்குள் இருக்க வேண்டும், படத்தைத் தட்டினால் திறக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்தத் திறக்கிற விஷயத்தில்தான் கலகலாவுக்கு ஜாதகம் சரியில்லை. உள்ளே போய்விட்டால் அவள் எழுதிய ப்ரோக்ராம்கள் பத்தரைமாற்றுத் தங்கம். ஒரு பதிவு தொலைந்தது, ஒரு கணக்கு பிசகியது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் தொடங்குகிற அந்த முதல் கணங்களில் ஏதாவது ஒரு கூத்து நடக்கும். கார் பள்ளியில் திரை முதலில் வெள்ளை வெளேரென்று பளிச்சிட்டு அப்புறம்தான் லாகின் பெட்டி வரும். எதிர்வண்டி விளக்கடித்ததுபோல் பயிற்சியாசிரியர் தினமும் மேஜைக்கு அடியில் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிப்பார். நாய் வைத்தியசாலையில் புதுத் திரை வாங்கினார்கள். எழுத்தெல்லாம் பெருத்துப்போய், ‘கடவுச்சொல்’ என்ற சொல் பாதியில் வெட்டுப்பட்டு ‘கடவு’ என்று மட்டும் நின்றது. வரவேற்பில் இருந்த பெண் போன் செய்து, “எனக்குத் தெரிஞ்ச கடவுள் பேரெல்லாம் போட்டுப் பாத்துட்டேன் மேடம், எதுக்கும் தொறக்கல,” என்றாள். கலகலா போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

“முதல் கோணல் முற்றும் கோணல்னு சொல்வாங்க. உனக்கு முதல் மட்டும்தான் கோணல்,” என்பார் மாமா, அக்காவின் கணவர். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

வேஷக்கடைக்கும் அப்படித்தான் எழுதிக்கொடுத்தாள். அது நாடகத்துக்கும் பள்ளி விழாக்களுக்கும் போட்டோ எடுக்கிறவர்களுக்கும் உடுப்பு வாடகைக்கு விடும் கடை. ஒடுக்கமான கட்டடம். கீழே கிரீடங்கள் ஆணிகளில் வரிசையாகத் தொங்கும். போலீஸ் தொப்பிகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு அலமாரி நிறைய இறக்கைகள். எந்த ராஜாவின் இடது கால் செருப்பு எந்தக் குழுவோடு போனது என்பது யாருக்கும் தெரியாமல் முதலாளியம்மா தலையில் அடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் கலகலாவைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு உடுப்புக்கும் ஒரு படம், அது யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்பும் என்று எல்லாம் அவள் ப்ரோக்ராமில் வந்தது. முதலாளியம்மா மகிழ்ந்துபோய் அவளுக்கு ஒரு இறக்கை ஜோடியைப் பரிசாகத் தரப் பார்த்தார்.

மாடியில் டோப்பாக்கள். ஒவ்வொன்றும் ஒரு மரத்தலையில் உட்கார்ந்திருக்கும். முதல் நாள் கலகலா படியேறி வந்து, முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு நரைத்தலைக்கு வணக்கம் சொல்லிவிட்டாள். பின்னாலிருந்து ஒரு குரல், “அவருக்குக் காது கேக்காதுங்க, நான் சொல்லிடறேன்,” என்றது. அவர்தான் டோப்பா மாஸ்டர். ஒல்லியான ஆள், தலை நிறையச் சுருட்டை முடி, விரல்களுக்கிடையில் எப்போதும் ஒரு ஊசி. நோயாளி அம்மாவைப் பல வருஷம் பார்த்துக்கொண்டதில் கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போய், அம்மாவும் போன பிறகு அந்தப் பேச்சை எடுக்க யாரும் இல்லாமல் போனவர். தனியாக இருக்கும்போது டோப்பாக்களோடு பேசுவார். “இது வக்கீல். எவ்வளவு சீவினாலும் அடங்க மாட்டேங்குது,” என்பார்.

கடையின் லேப்டாப் அவர் மேஜையில்தான் இருந்தது. திங்கட்கிழமைதோறும் பெட்டி காணாமல் போவதைச் சொல்பவரும் அவரே. கலகலா வந்து, தன்னிடமிருந்து ஒரு புதுப் பிரதியை எடுத்துப் பழையதன் மேல் போடுவாள். உடனே பெட்டி ஜம்மென்று நடுவில் வந்து நிற்கும். வாரம் முழுக்க ஓடும். அடுத்த திங்கட்கிழமை மறுபடி காணோம். வீட்டில் எத்தனை தடவை திறந்து மூடிப் பார்த்தாலும் கோளாறு வரவில்லை. “இதோட வேற எதையாவது இணைக்கறீங்களா?” என்று கேட்டாள். “ஒண்ணும் இல்லீங்க,” என்றார். உண்மையிலேயே அவர் எதையும் இணைக்கவில்லை.

மற்ற வாடிக்கைக்காரர்கள் “எப்ப சரியாகும்?” என்று மட்டும்தான் கேட்பார்கள். மாஸ்டர் ஊசியில் நூல் கோத்தபடி, “அந்தப் பெட்டி எங்க போயிருக்கும்னு நெனக்கறீங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வி அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இருவரும் தேநீர் குடித்துக்கொண்டு அது எங்கே போயிருக்கும் என்று யோசிப்பார்கள். உண்மையைச் சொன்னால், கோளாறைக் குடைந்து தேட அவளுக்கு அவ்வளவாக மனம் வரவில்லை.

அக்காவுக்கு இதெல்லாம் ஒருநாள் உறைத்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தினாள்.

“ஏன்டி, திங்கக்கெழம மட்டும் கெட்டுப்போற மெஷினு ஒலகத்துல எங்கயாவது உண்டா?”

“இருக்கே. அங்க இருக்கு.”

“போடி பைத்தியம். அந்த ஆளு ஞாயித்துக்கெழம உக்காந்து கெடுத்து வெக்கறாரு. திங்கக்கெழம உன்னப் பாக்கலாம்ல?”

“அக்கா! அவருக்கு மவுஸ எந்தப் பக்கம் புடிக்கணும்னே இப்பத்தான் தெரியும்.”

“மனசு வெச்சா மரத்தையே வளைக்கலாம். பெட்டிய ஒளிக்கறது ஒரு பெரிய வேலையா?”

கலகலா கோபித்துக்கொண்டு மாடிக்குப் போனாள். போய் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு எதிர்ப்பக்கம் ஒரு சுற்று. தனக்காக ஒருவர் கம்ப்யூட்டரைக் கெடுக்கிறார்! பூ வாங்கித் தருகிறவர்கள் உண்டு. ஒரு ப்ரோக்ராமையே படுக்க வைக்கிறவர் யார்? கால் தரையில் பாவவில்லை. அந்த வாரம் அவள் செய்த வேலையெல்லாம் அப்படி. காப்பியில் உப்பைப் போட்டாள். கார் பள்ளிக்காரரை “டாக்டர்” என்றாள். லாகின் பெட்டியைச் சோதிக்கும்போது பெயர் இடத்தில் வழக்கமாக ‘அஆஇ’ என்று தட்டுகிறவள், விரல் போன போக்கில் ‘டோப்பா’ என்று தட்டினாள். அழகாக இருந்தது. மறுபடி தட்டினாள். அப்படியே அந்தப் பிரதியைப் பல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியும் வைத்தாள்.

ஆனால் எத்தனை நாள் யூகத்திலேயே மிதப்பது? கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் நல்லதொரு புடவையைக் கட்டிக்கொண்டு வேஷக்கடைக்குக் கிளம்பினாள். பிடித்த பிறகு என்ன சொல்வது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மாடியில் டோப்பா மாஸ்டர் இல்லை. கீழே உடுப்பு மாற்றிப் பார்க்கும் கூடத்தில் முதலாளியம்மா இருந்தார். சுற்றிலும் ஒரு நாடகக் குழு. சுவரில் பெரிய டிவி. அதில் கலகலாவின் ப்ரோக்ராம்.

“வாம்மா வாம்மா! மாஸ்டருக்கு இன்னிக்கு லீவு. ஞாயித்துக்கெழமைன்னா நானே லேப்டாப்ப கீழ கொண்டுவந்து டிவியில மாட்டிக்கறது. படமெல்லாம் பெருசா காட்டினாத்தான் இவங்களுக்கு ஆச வரும். பாரு, இந்த எலிய வெச்சு அப்படியே இழுத்தா அந்த டிவிக்குப் போயிடுது!”

கலகலா டிவியைப் பார்த்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள். சுவரோரம் ஒரு சிம்மாசனம் இருந்தது; அதில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

பெட்டி எங்கே போகிறது என்பது தெரிந்துவிட்டது. பெரிய ஸ்கிரீன் எப்போதும் லேப்டாப்பிலேயே திறக்கும்; பெட்டி மட்டும் கடைசியாக எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே மறுபடி திறக்கும்படி எழுதியவள் அவள்தான். ஞாயிறு அன்று முதலாளியம்மா எல்லாவற்றையும் டிவிப் பக்கம் இழுத்துவிட்டு, அங்கேயே மூடிவிட்டு, கம்பியையும் பிடுங்கிவிடுகிறார். திங்கட்கிழமை பெட்டி சொன்ன சொல் தவறாமல் டிவி இருந்த பக்கத்திலேயே போய்த் திறக்கிறது. டிவிதான் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்று அது பெயர் கேட்டுக்கொண்டிருக்க, மாஸ்டர் பெரிய ஸ்கிரீனைத் தட்டித் தட்டி ‘டிங்’ வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். புதுப் பிரதி போட்டதும் பழைய இடம் மறந்துபோய்ப் பெட்டி நடுவுக்கு வந்திருக்கிறது.

அவர் ஒன்றுமே செய்யவில்லை. பாவம், பச்சைப்பிள்ளை.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. நாடகக் குழுவும் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தது. சிரிப்பின் கடைசியில் கண்ணைத் துடைத்தபோது, அதில் பாதி சிரிப்பினால் வந்த கண்ணீர் இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது. ஆனாலும் தொழில் தொழில்தான். அங்கேயே உட்கார்ந்து, பெட்டியைக் காட்டுவதற்கு முன் ‘அந்த இடத்தில் திரை இருக்கிறதா பார், இல்லாவிட்டால் நடுவில் வந்து நில்’ என்று எழுதிச் சேர்த்தாள். டிவியை மாட்டியும் கழற்றியும் பார்த்தாள். பெட்டி சமர்த்தாக வந்தது.

திங்கட்கிழமை போன் அடிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் இல்லை. அக்கா இரண்டு பேருடைய செருப்புகளையும் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டரின் போன் வந்தது.

“மேடம், தனியாத்தான இருக்கீங்க?”

“ஆமா டாக்டர். ஏன்?”

அவர் குரலை இறக்கினார். “உங்களுக்கு யாரு சொன்னது?”

“என்னது டாக்டர்?”

“நடிக்காதீங்க. காலைல ப்ரோக்ராம தொறந்தா, பேர் போடற எடத்துல கண்ணசைக்கற நேரம் ‘டோப்பா’ன்னு வந்துட்டு மறையுது. நர்ஸ் அதப் பாத்துட்டு உள்ள ஓடிப்போய்ச் சிரிக்கறா. நேத்து ஒரு பேஷண்ட் வாயத் தொறந்துகிட்டே ஸ்கிரீனையும் பாக்கறார், என் தலையையும் பாக்கறார்!”

சோதனைக்குத் தட்டிய பெயரை எடுக்காமல் அனுப்பிவிட்டோம். பெட்டி முழுசாக வந்த பிறகுதான் ப்ரோக்ராம் அதை அழிக்கிறது. அதற்குள் அது ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுகிறது. இது புரிந்த அதே கணத்தில் இன்னொன்றும் புரிந்தது. டாக்டர் தலையில் இருப்பது டாக்டருடையது இல்லை.

கலகலா தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் கடித்துக்கொண்டாள். “டாக்டர்... அப்படின்னா... உங்களோடது...”

“இத்தன வருஷமா என் மச்சினிச்சிக்குக்கூடத் தெரியாதுங்க!”

“சத்தியமா உங்கள சொல்லல டாக்டர். அது ஒருத்தரோட பேரு.”

“டோப்பான்னு ஒருத்தருக்குப் பேரா?”

“மாஸ்டர்னும் சேத்துக்கணும். அவரு டோப்பா செய்யறவரு.”

டாக்டர் மெதுவாகக் கேட்டார்: “நல்லா செய்வாரா?”

விலாசத்தைச் சொல்லி போனை வைத்தவள், துண்டை எடுத்ததும் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டிலிருந்து அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டு அக்காவும் கரண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் போனார், தலையைக் காட்டினார், அளவு கொடுத்தார். பேச்சுவாக்கில் எல்லாவற்றையும் சொல்லியும் விட்டார். டோப்பா மாஸ்டர் ஊசியைக் கையில் பிடித்தபடி, “என் பேரா? அவங்க மெஷின்லயா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் வாசல்மணி அடித்தது. மாமா கதவைத் திறந்துவிட்டு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “கலகலா, உனக்கு ஒரு பெட்டி வந்திருக்கு! கூடவே ஒரு ஆளும் வந்திருக்கார்!”

டோப்பா மாஸ்டர் நடுக்கூடத்தில் நின்றார். கையிலிருந்த அட்டைப்பெட்டியில் டாக்டருக்குக் கொண்டுபோகும் டோப்பா. கலகலா படியில் பாதியிலேயே நின்றுவிட்டாள்.

“என்னங்க, பெட்டி வரலீங்களா?” என்று அவளுக்கே கேட்காத குரலில் கேட்டாள்.

“வருதுங்க. தெனமும் வருது. தொறந்த ஒடனே டக்குனு வந்து நடுவுல நிக்குது.” அவர் அட்டைப்பெட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். “ரெண்டு வாரமா திங்கக்கெழம காலைல, வரக்கூடாது வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டுதான் தொறக்கறேன். வந்துடுது. நேத்து வேணும்னே பாஸ்வேர்ட தப்பா போட்டுப் பாத்தேன். ‘தவறு, மீண்டும் முயலவும்’னு மரியாதையா சொல்லுது. அதுக்குப் போய் உங்களக் கூப்பிட முடியுங்களா?”

“கூப்பிட்டிருக்கலாம்,” என்றாள் கலகலா.

“உங்க ப்ரோக்ராம்ல ஒரு தப்பும் இல்லீங்க. அதான் தப்பாப் போச்சு.”

மாமா எதற்கோ தலையாட்டினார். அடுக்களை வாசலில் நின்ற அக்கா முன்னால் வந்து, மாஸ்டரை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

“எல்லாம் சரி. ஒண்ணு கேக்கணும். அந்த முடி சொந்தமா?”

“இழுத்துப் பாருங்க,” என்று அவர் தலையைக் குனிந்தார்.

அக்கா எந்தக் கூச்சமும் இல்லாமல் ஒரு கொத்தைப் பிடித்துச் சுண்டி இழுத்தாள். “ஆ!” என்றார் மாஸ்டர். “சொந்தம்தான்,” என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். கலகலா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். விலா நோகச் சிரித்தாள். தலையைத் தடவிக்கொண்டிருந்த மாஸ்டருக்கும் சிரிப்பு தொற்றிக்கொள்ள, அட்டைப்பெட்டி கைநழுவி டாக்டரின் டோப்பா தரையில் உருண்டது. அதை எலி என்று நினைத்து மாமா நாற்காலிமேல் ஏறினார்.

அதிக நாள் தள்ளாமல் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வேஷக்கடைக்கு அடுத்த கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டு அறை கிடைத்தது. படிகள் குறுகல். மாமா ஒரு வேன் பிடித்து, கலகலாவின் பெரிய எழுதுமேஜையை ஏற்றிக்கொண்டு வந்தார். வேனை எங்கே நிறுத்தக்கூடாதோ சரியாக அங்கே நிறுத்தினார்.

கீழ்ப்பக்கம் மாமாவும் மேல்பக்கம் கலகலாவும் மாஸ்டருமாக மேஜையைத் தூக்கிப் பாதிப்படி ஏறியிருப்பார்கள். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டு மாமா திரும்பினார். பக்கத்துக் கடையிலிருந்து புத்தம்புது உடுப்பில் ஒரு கூட்டம் போலீஸ்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

“சார், இதோ எடுத்துடறேன் சார்! ரெண்டே நிமிஷம் சார்! மேஜ கனமா இருக்கு சார்!” என்று மாமா ஒரு கையைத் தூக்க, மேஜை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

போலீஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களில் மீசை பெரிதாக இருந்தவர், “கவலப்படாதீங்க சார், எங்களுக்கு நாடகம் சாயந்தரம்தான்,” என்று சொல்லித் தொப்பியைக் கழற்றி மாமா தலையில் வைத்துவிட்டு மேஜைக்கு அடியில் தோள் கொடுத்தார். மற்றவர்களும் வந்து பிடித்தார்கள். தலையில் தொப்பியோடு மாமா திருதிருவென்று விழித்தார்.

மேலே கலகலாவின் பக்கம் மேஜை குலுங்க ஆரம்பித்தது.

“முதல்ல வெச்சிடுங்க,” என்றார் டோப்பா மாஸ்டர், தன் பக்கத்தை மூச்சைப் பிடித்துத் தாங்கிக்கொண்டு. “வெச்சிட்டுச் சிரிங்க.”